உட்கார்ந்ததுதானே தப்பு?

மூன்று நாளாக எல்லோருடைய பக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் போட்டோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜவுளிக்கடை கவுன்டருக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண், மடியில் போன், மேலே "நாங்கள் நிற்கிறோம், மகாராணி உட்கார்ந்திருக்கிறார்" என்று ஒரு வரி. இன்று காலையில் என் சித்தப்பாவே அதை ஷேர் செய்திருக்கிறார். சரி, எழுதிவிடுகிறேன்.

தி.நகரில் பட்டுச் செக்‌ஷனில் ஆறு வருடம் நின்றவள் நான். காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை என்று 1947-லேயே கடைகளுக்குச் சட்டம் போட்டாகிவிட்டது, அதை விடுங்கள். உட்காருவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நாங்களும் உட்காருவோம். கீழ் அடுக்கில் புடவை தேடுகிற மாதிரி குந்திக்கொள்வோம். ஒருத்தி குந்தினால் இன்னொருத்தி காவல். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் "அக்கா, அந்தப் பச்சை பார்டர்!" என்று குரல் வரும். உடனே கையில் கிடைத்த புடவையோடு எழுந்துவிட வேண்டும். எங்கள் செக்‌ஷனில் பச்சை பார்டர் கேட்ட கஸ்டமர்களைவிடப் பச்சை பார்டர் கேட்ட நாங்கள்தான் அதிகம்.

2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. கடைப் பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று. கேரளத்தில் 2018-லேயே செய்துவிட்டார்கள். எங்கள் மாடிக்கும் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. ஒரு வாரம் இருந்தது. அப்புறம் ஒன்றில் கஸ்டமர்களின் ஹேண்ட்பேக், இரண்டில் காலி அட்டைப்பெட்டி. நாலாவதில் சூப்பர்வைசர்.

ஆக, அந்தப் பெண் உட்கார்ந்தது தப்பில்லை. சட்டம் கொடுத்த ஸ்டூல் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"போன் பார்த்தாளே?" என்பார்கள். பார்த்தாள். கஸ்டமர் எதிரில் நிற்கும்போது பார்த்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொரு கையால் கால் கட்டைவிரலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். எழுபது புடவையை விரித்துப் போட்டு, "இன்னொரு நாள் வர்றோம்" என்று போனவர்களுக்குப் பின்னால் எழுபதையும் மடித்தவளுக்குத்தான் அந்த விரலின் அருமை தெரியும்.

"முதலாளிக்கும் கஷ்டம் இருக்கிறது, வாடகை, ஆன்லைன் போட்டி" என்பார்கள். இருக்கட்டும். ஸ்டூல் என்ன விலை?

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. "பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?" விட்டுவிட்டேன் ஐயா. ஆறு வருடம் கழித்து விட்டேன். அப்பாவுக்கு டயாலிசிஸ், தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ், கடையில் வாங்கிய அட்வான்ஸ் பாக்கி. இதெல்லாம் முடிந்த மாதம் விட்டேன். நினைத்தவுடன் விடுவதற்கு அது டியூஷன் கிளாஸ் இல்லை.

அந்த 9.41-ஐ இன்னும் மறக்கவில்லை. அப்போது சம்பளம் 11,000. கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலத்துக்கு எலக்ட்ரிக் டிரெயின். ஒருநாள் கிண்டியில் சிக்னல் விழாமல் நின்றுவிட்டது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஓடிவந்து பயோமெட்ரிக்கில் விரல் வைத்தால் 9.41. அரை நாள் கட். சரி, அரை நாள் கட் என்றால் மத்தியானம் வருகிறேன், இரண்டு மணி நேரம் எங்கேயாவது உட்காருகிறேன் என்றேன். முழு நாளும் நின்றால்தான் அந்த அரை நாளாவது கிடைக்குமாம். பதினோரு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் ஆறு ரூபாய்கூட வராது. பிடித்தது 183. வராத நேரத்துக்கு ஏற்ற அளவுதான் பிடிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது என்று வேலையை விட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கே ராத்திரி 9.20-க்கு ஒரு கல்யாணக் குடும்பம் மாடியேறி வந்தது. பத்தேகாலுக்குப் போனார்கள். மடித்து வைத்துவிட்டு நான் இறங்கும்போது மணி 10.40. அந்த எழுபது நிமிடத்துக்கு எந்த மெஷினும் விரல் கேட்கவில்லை. அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் 10 மணி. அதை யாரிடம் சொல்வது? சொன்னால், "குடும்பக் கஷ்டத்தைக் கடைக்குக் கொண்டுவராதே."

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. சம்பளத்துக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

சித்தப்பா, நீங்கள் பேங்கில் முப்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். உங்களை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

போட்டோ போட்டவர் நேற்று திருந்திவிட்டாராம். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். யூனிஃபார்ம் புடவை தெரிகிறது. பின்னால் எந்த ரேக் என்பதும் தெரிகிறது. திங்கட்கிழமை காலையில் அவளை எந்த ரூமுக்குக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் நிற்க வைத்துத்தான் கேட்பார்கள்.