ஹீத்கிட்டை ஏன் இன்னும் பேசுகிறோம்

பாகங்களை வாங்கி நாமே பூட்டிச் செய்யும் எலக்ட்ரானிக்ஸ் கிட் செய்து பார்த்தவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கட்சி ஹீத்கிட். பெட்டிக்குள் இருந்த பாகங்களுக்காக அல்ல, கூடவே வந்த மேனுவலுக்காக.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து பென்டன் ஹார்பரில் இருந்த கம்பெனி அது. முதலில் விற்றது விமானக் கிட். ஆரம்பித்த எட்வர்ட் ஹீத் 1931இல் விமான விபத்தில் இறந்துபோனார். பிறகு ஹோவர்ட் அந்தோணி வாங்கி நடத்தினார். உலகப்போர் முடிந்து ராணுவ உதிரிப் பாகங்கள் மலிவாகக் குவிந்த நேரம். அவற்றை வைத்து 1947இல் ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) கிட் ஒன்றை 50 டாலருக்குள் கொடுத்தார்கள். பெரிய லேப்களில் மட்டும் இருந்த கருவி வீட்டு மேசைக்கு வந்தது.

அந்த மேனுவலைப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் டிக் போட ஓர் அடைப்புக்குறி. ரெசிஸ்டரின் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) மதிப்போடு, அதன் மேல் அந்த மதிப்பைக் குறிக்கும் நிறப்பட்டைகளையும் எழுதியிருப்பார்கள். ஒரு முனையில் வயரை மாட்டச் சொன்னால், இப்போதே சால்டர் (ஈயப் பற்று) வைக்கலாமா, இன்னொரு வயர் வரும்வரை பொறுக்க வேண்டுமா என்பதும் அங்கேயே இருக்கும். சால்டர் வைக்கும்போது அந்த முனையில் எத்தனை வயர் இருக்க வேண்டும் என்ற எண்கூட உண்டு! வேலை செய்யவில்லையென்றால் எங்கே எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற அட்டவணை, அப்புறம் சர்க்யூட் எப்படி இயங்குகிறது என்ற விளக்கம். எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஒருவர் ரேடியோ டிரான்ஸ்சீவரே (சிக்னலை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவி) செய்து முடிக்க முடிந்தது இதனால்தான்.

இயந்திரமே போர்டில் பாகங்களைப் பொருத்தத் தொடங்கிய பிறகு, நாமே செய்தால் மலிவு என்ற கணக்கு போய்விட்டது. 1992இல் கிட் விற்பனையை நிறுத்தினார்கள்.

நம் நாட்டில் அதே மனசோடு வந்தது ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ். 14 மெகாஹெர்ட்ஸில் பேசும் சின்ன டிரான்ஸ்சீவர். சிக்னலை அனுப்பவும் பெறவும் பெரும்பாலும் அதே ஆம்ப்ளிஃபயர்கள்தான் (சிக்னலைப் பெரிதாக்கும் பகுதிகள்), சிக்னல் போகும் திசை மட்டும் மாறும். சாதாரணக் கடையில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்கள் போதும். காயில் (கம்பிச் சுருள்) சுற்ற, நடுவில் வைக்கும் இறக்குமதிக் கோர் தேடாமல், தண்ணீர்க் குழாய் வாஷரிலேயே வழி காட்டியிருந்தார். ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்றும் பொறுமையாக எழுதினார்.

இன்று வாங்கும் பல கிட்களில் ஒரு பிளாஸ்டிக் கவர், மங்கலான சர்க்யூட் படம், அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை ஆசையாக வாங்கிச் செய்கிறான், ஓடவில்லை. எங்கே சோதிக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. தனக்கு இது வராது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறான். இதுதான் எனக்குக் கோபம். கிட் விற்பவர்கள் தமிழில் ஒரே ஒரு தாள் போடுங்கள்: எந்த வரிசையில் மாட்டுவது, எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும். அதற்காக பத்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுப்போம்.