செத்த ஆமைக்குப் பக்கத்தில் ஒரு செருப்பை வையுங்கள்

போன மாதம் மட்டக்களப்பின் கிரான்குளம் கரையில் ஒதுங்கிய ஆமையை என் கண்ணில் பட்ட அளவில் ஒன்பது பேர் பதிவிட்டிருந்தார்கள். ஒன்பது படத்திலும் ஆமை இருக்கிறது, கடல் இருக்கிறது, இரண்டு படத்தில் பதிவிட்டவரும் இருக்கிறார். கீழே "ஐயோ பாவம்", அழுகிற மஞ்சள் முகங்கள், "கடலைக் கொன்ற மனிதா" என்று தொடங்கும் ஒரு கவிதை. அது என்ன ஆமை என்று ஒருவரும் எழுதவில்லை. எவ்வளவு பெரிசு என்றும் இல்லை. ஒரு படத்தில் சுளகு அளவுக்கும் இன்னொன்றில் மாட்டுவண்டிச் சில்லு அளவுக்கும் தெரிகிறது.

கோபிக்காதீர்கள், அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன். உயிரியல் படிப்பிக்கிறவன் வேறு.

என் படத்துக்குக் கீழே பழைய மாணவன் ஒருவன் "சேர், இது எந்த இனம்?" என்று கேட்டிருந்தான். "பேராமை" என்று எழுதிவிட்டு, மனசு கேட்காமல் அழித்தேன். எனக்குத் தெரியாது. இருபது வருடமாக ஊர்வன பாடம் நடத்துகிறேன், வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடல். சரி என்று பின்னேரம் மனைவியின் தையல் நாடாவைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு திரும்பக் கரைக்குப் போனேன்.

அதற்குள் நாய்கள் வந்து போயிருந்தன. முகத்தில் பாதி இல்லை. ஐந்தையும் உள்ளே அடக்கிக்கொள்ளும் குறளின் ஆமை இது இல்லை. கடலாமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுக்க வராது. மணம் குடலைப் புரட்டியது. இரண்டு கைக்கும் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு நாடாவை விரிக்கும்போது, கரைவலைக்காரர் தங்கும் வாடியில் இருந்த மாமா எழுந்து வந்தார்.

"என்ன மனே, அதுக்கும் சட்டை தைக்கப் போறியா?"

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குந்தியிருந்து, "முதுகில நடுவால போறதை விடு. ரெண்டு பக்கத்தாலயும் போற தகட்டை எண்ணு" என்றார். எண்ணினேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏழு.

"அப்ப இது சித்தாமை. பேராமைக்கு நாலுதான்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் அதே கணக்கு. உலகத்தில் ஏழு வகைக் கடலாமை. அதில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. பேராமைக்குப் பக்கத்துக்கு நாலு தகடு. அழுங்காமைக்கும் நாலுதான், ஆனால் அதன் தகடுகள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், வாய் கிளிமூக்கு மாதிரிக் கூராக இருக்கும். பெருந்தலை ஆமைக்கு ஐந்து. மாமாவின் சித்தாமைக்கு, அதாவது சிற்றாமைக்கு, பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல், அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஏழுவரி ஆமைக்குத் தகடே கிடையாது. தோல் முதுகில் நீளவாக்கில் ஏழு வரி ஓடும். பெயரிலேயே அடையாளத்தை வைத்திருக்கிறார்கள். சிற்றாமையையும் பெருந்தலை ஆமையையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டிருந்த காலத்தில், இரண்டும் வேறு என்று பிரித்துக் காட்ட உழைத்தவர்களில் ஒருவர் கொழும்பு நூதனசாலையில் இருந்த பி. ஈ. பி. தெரணியகல. அவர் 1930களில் செய்ததும் இந்தத் தகடு எண்ணுகிற வேலைதான். அதை வாடியில் இருந்த மனிசன் தலைகீழாக வைத்திருக்கிறார். பட்டம் வாங்கிய எனக்கு வரவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. நமக்கு ஆமை மேல் இரக்கம் இருக்கிறது, கணக்கு இல்லை. செத்து ஒதுங்கும் ஒவ்வொரு ஆமையும் ஒரு தகவல். அதை நாம் படம் பிடித்து, அழுது, புதைத்துவிடுகிறோம்.

கணக்கு எதற்கு என்கிறீர்களா? 2020 செப்டெம்பர் 3ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். நம் கிழக்குக் கரையின் சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் 38 கடல் மைல் தூரத்தில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தது. உள்ளே ஏறக்குறைய 2,70,000 தொன் சுத்திகரிக்காத மசகு எண்ணெய், குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. திருக்கோவில், கோமாரி, பொத்துவில் பக்கத்து ஆட்கள் அந்த நாட்களில் எப்படிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கப்பலில் வேலை செய்த ஒருவர் இறந்தார். ஏற்றி வந்த எண்ணெய் கடலில் கொட்டாமல் தப்பினோம். கொட்டியிருந்தால்?

அடுத்த வருடம் மேற்குக் கரைக்கு அப்படித் தப்பிக்க வாய்க்கவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' எரிந்து, ஜூனில் மூழ்கியது. பிளாஸ்டிக் குருணை மூட்டை மூட்டையாகக் கரையேறியது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பில், செத்துக் கரையொதுங்கிய 417 ஆமைகளும் கணக்கில் வந்தன. அந்த 417ஐ யாரோ கரை கரையாக நடந்து எண்ணியிருக்கிறார்கள். அப்போது எதிர்த்தரப்புக் கேட்கக்கூடிய முதல் கேள்வி: "கப்பல் எரியாத வருடத்தில் எத்தனை ஆமை ஒதுங்கும்?" நம்முடைய கரைக்கு அந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வோம்? முகநூலில் அழுத முகங்களை எண்ணிச் சொல்வதா?

இன்னொரு கதை. 2021 மார்ச்சில் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் முட்டையிட வந்த ஒரு சிற்றாமையின் துடுப்பில் இலக்கமிட்ட உலோகத் தகடொன்றை மாட்டினார்கள். 2025 ஜனவரியில் அதே ஆமை மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் முட்டையிட்டது. கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவிலிருந்து அரபிக் கடலுக்குப் போக அதற்கு இரண்டே வழி: பாம்பன் பக்கம், இல்லாவிட்டால் இலங்கையைச் சுற்றி. சுற்றித்தான் போனதென்றால் மட்டக்களப்புக் கடலைத் தொடாமல் போயிருக்காது. குஹாகரில் யாரோ ஒருவர் அந்த இலக்கத்தை வாசித்து எழுதினார், அதனால் நமக்குத் தெரிகிறது. எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் ஏதோ ஒரு ஆமை.

வாலையும் பாருங்கள். வளர்ந்த ஆண் ஆமைக்கு வால் தடிப்பாக, ஓட்டைத் தாண்டி நீண்டு இருக்கும், பெண்ணுக்குக் குட்டை. முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது: ஏறக்குறைய 29 பாகையைத் தாண்டினால் பெண் கூடும், குறைந்தால் ஆண் கூடும். அவுஸ்திரேலியாவின் வடக்குப் பவளத்திட்டுப் பகுதியில் வளரும் பருவப் பேராமைகளில் 99 வீதத்துக்கும் மேல் பெண் என்று 2018இல் கண்டார்கள். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நம் மணலில் நடந்தவர்களுக்கு இது புரியும். குஞ்சின் வாலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ந்தது செத்துக் கிடந்தால் சொல்லலாம்.

மாமாவிடம் இதெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது வேறு.

"ஆமையைக் காப்பாத்துங்க எண்டு எல்லாரும் எங்களிட்டத்தான் வாறாங்க. ஒரு ஆமை பட்டா வலை கிழிஞ்சு போகுது. அதை ஆர் தாறது?"

நியாயமான கேள்வி. வலையில் மாட்டும் ஆமை மேலே வந்து மூச்சு விட முடியாமல்தான் சாகிறது. அதை வேண்டுமென்று பிடிக்கிறவர் இங்கே குறைவு. பெரு நாட்டின் செச்சூரா விரிகுடா மீனவர்களின் அடிவலைகளில் பச்சை வெளிச்சம் தரும் சின்ன விளக்குகளைக் கட்டிப் பார்த்தார்கள். பேராமை மாட்டுவது 64 வீதம் அளவுக்குக் குறைந்தது, மீன்பாடு குறையவில்லை. 2016இல் வெளிவந்த ஆய்வு. இதைச் சொன்னதும் "விளக்கு என்ன விலை?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரிடமிருந்து வர இத்தனை வருடம் எடுத்தது, அந்த ஆய்வு தமிழில் அவர் வாடி வரைக்கும் வராததால்தான். கிழக்குக் கடலைப் பற்றி நம்மவர்கள் செய்கிற ஆய்வுகூட ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலத்திலேயே அலுமாரியில் தூங்குகிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. இறுதி வருட மாணவர் இரண்டு பேர் வாகரையிலிருந்து பாணமை வரைக்கும் வாடி வாடியாக ஒரு ஒதுங்கல் கணக்குத் தொடங்கினால், சொகுசான திட்டம் எதையும் விட அது கூடப் பெறும் என்பது என் கருத்து. சண்டைக்கு வாருங்கள்.

அன்று ஒரு அலுவலகத்துக்கும் கோல் எடுத்தேன். அவர்கள் இன்னொரு இலக்கம் தந்தார்கள். அந்த இலக்கத்தில் முதல் அலுவலகத்தின் இலக்கத்தைத் தந்தார்கள். அதை விடுங்கள்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஓட்டைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், அது குற்றம். நாடா இல்லையென்றால் பரவாயில்லை. உங்கள் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, நேர் மேலே நின்று முதுகை ஒரு படம். தலைக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று. துடுப்பில் உலோகத் தகடு இருந்தால் இலக்கம் தெரிய ஒன்று. திகதியும் இடமும் எழுதுங்கள். செருப்பு எத்தனையாம் நம்பர் என்று சொன்னால் மிச்சத்தை நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். செல்பி வேண்டுமென்றால் அதற்குப் பிறகு எடுங்கள்.

கிரான்குளம் ஆமை: சிற்றாமை, முதுகு வளைவோடு அளந்து 66 சென்ரிமீற்றர், பெண். முதுகில் வெட்டுக்காயம் இல்லை. இடது முன்துடுப்பின் அடியில் நைலோன் நூல் இறுக்கிய தடம். பள்ளிக் கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் இதை எழுதி, மாமாவின் வாடியில் கொடுத்துவிட்டு வந்தேன். பேனையும் கட்டிக் கொடுத்தேன். அவர் அதை மீன் கணக்குக் கொப்பிக்கு மேலே செருகி வைத்தார். பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை.

நேற்றுக் காலை ஐந்தரைக்குக் கோல். வலை இழுக்கிற சத்தம் பின்னால் கேட்கிறது.

"மனே, ஒண்டு வந்து கிடக்கு. பக்கத்துக்கு நாலு, தகடு ஏறி நிக்கேல்ல. வால் நீட்டு. எழுதிட்டன். அந்த நாடாவைக் கொண்டு வா."