கதவு பூட்டியிருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் பாத்திர விளையாட்டை ஒரே அமர்வில் முடியும்படி, அதாவது ஒன்-ஷாட்டாக, நடத்தப் போகிறவர் தம் தயாரிப்பு நேரத்தின் பெரும்பகுதியை ஆட்டத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கே செலவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கற்பனை உலகத்தின் வரலாற்றையும் அரச வம்சங்களையும் வரைபடங்களையும் எழுதுவதில் ஓர் இன்பம் இருக்கிறது. நானும் விடிய விடிய எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பேட்டிலிருந்து, மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம்.

நான்கு மணி நேர அமர்வு ஒன்று இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. வந்திருந்த ஐவரில் மூவர் இருபது பக்கப் பகடையை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் அவரவர் பாத்திரத்தை அவரவரே உருவாக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாத்திரத்தின் இனத்தையும், வீரரா மந்திரவாதியா என்ற வகுப்பையும், பின்னணியையும் தேர்ந்தெடுத்து, 15, 14, 13, 12, 10, 8 என்ற எண்களை ஆறு திறன்களுக்குப் பங்கிட்டு, மந்திரப் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் கரைந்துவிட்டது. புதியவர்களுள் ஒருவர், "நாம் எப்போது விளையாடத் தொடங்குவோம்?" என்று மெதுவாகக் கேட்டார். அதில் கோபம் துளியும் இல்லை. இருந்தும் இன்றுவரை அந்தக் கேள்வி என்னை உறுத்துகிறது. குகையின் வாயிலோடு அன்றைய ஆட்டம் நின்றது. அந்த ஐவரும் பிறகு ஒன்றாக அமரவே இல்லை.

ஆகவே பாத்திரங்களை நடத்துபவரே முன்கூட்டித் தயாரித்துக் கொண்டுவர வேண்டும். இது ஆடுபவரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று சிலர் வருந்துகிறார்கள். பல மாதங்கள் நீளும் தொடர் ஆட்டத்திற்கு அந்த வருத்தம் பொருந்தும். அங்கே பாத்திரத்தை உருவாக்குவதே ஆட்டத்தின் முதல் அத்தியாயம். ஒரே மாலையில் முடியும் ஆட்டத்தில் சுதந்திரம் என்பது அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. 2009-இல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட 'லேடி பிளாக்பேர்ட்' என்ற பாத்திர விளையாட்டு இதற்கு அழகான சான்று: ஐந்து பாத்திரங்களும் ஆயத்தமாக இருக்கின்றன, எதிரியின் கப்பலில் அவர்கள் சிறைப்பட்டிருப்பதிலிருந்து கதை தொடங்குகிறது.

பாத்திரத்தின் விவரங்களை எழுதித் தரும் தாளில் எண்களைவிட உறவுகளுக்கே நான் அதிகம் மெனக்கெடுகிறேன். ஒவ்வொரு தாளிலும் மூன்று வரிகள் எழுதுகிறேன்: இவருக்கு இன்று என்ன வேண்டும், மேசையில் இருக்கும் இன்னொருவரை ஏன் நம்புகிறார், வேறொருவரிடம் எதை மறைக்கிறார். மருத்துவச்சியின் தாளில், "காவலனின் தம்பி உன் கையில்தான் இறந்தான், அது அவனுக்குத் தெரியாது" என்று ஒரு வரி இருந்தால் போதும், முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அந்த இருவரும் பேசத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு எந்த விதிநூலும் வேண்டியதில்லை.

தொடக்கக் காட்சியை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிறேன். அண்மையில் பயன்படுத்தியது இது: "கப்பலின் அடித்தட்டில் தண்ணீர் உங்கள் முழங்காலைத் தொட்டுவிட்டது. மேலே போகும் கதவு பூட்டியிருக்கிறது. சாவி உங்களில் ஒருவரிடம் இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" விடுதியில் சந்தித்து, முதியவர் ஒருவரிடம் வேலையைக் கேட்டு, கூலி பேசி, பயணம் புறப்படும் வழக்கமான தொடக்கம் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். அத்தனையும் முடிந்த பிறகு ஆபத்து கண்ணெதிரே நிற்கும் நொடியில் திரையைத் தூக்கினால், அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்பதைப் பேச்சினூடே ஆடுபவர்களே சொல்லிவிடுவார்கள்.

விதிகளை முன்னதாக விளக்குவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். ஒருவர் கதவைத் தோளால் இடிக்கிறேன் என்று சொல்லும்போது, இருபது பக்கப் பகடையை உருட்டச் சொல்லி, தாளில் வலிமைக்கு நேரே இருக்கும் எண்ணைக் கூட்டச் சொல்லி, மொத்தம் 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கதவு உடையும் என்கிறேன். ஆட்டத்தின் பாதி விதி அங்கேயே புரிந்துவிடுகிறது. சண்டை விதிகளைச் சண்டை வரும்போது சொன்னால் போதும்.

முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விரைவான தொடக்கம் மிச்சப்படுத்தும் நேரமெல்லாம் அதற்காகத்தான். நடுவில் மூன்று காட்சிகளைத் தயாரிக்கிறேன். எதை நீக்கினாலும் கதை குலையாதபடி அவற்றை அமைக்கிறேன். கடைசி ஐம்பது நிமிடங்கள் எஞ்சும்போது எந்தக் காட்சியில் இருந்தாலும் இறுதிக் காட்சிக்குத் தாவிவிடுகிறேன்.

அந்தக் கப்பல் ஆட்டத்தில் சாவி கணக்கரின் தாளில் இருந்தது. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர் அன்றுதான் முதன்முறையாக விளையாட வந்தவர். மிகவும் கூச்ச சுபாவம். மற்ற நால்வரும் கதவை இடித்துக்கொண்டிருக்க, அவர் தம் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கதவைத் திறந்தால் எனக்கு என்ன தருவீர்கள்?" என்று கேட்டார். அமர்வு தொடங்கி அப்போது ஏழு நிமிடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.