அந்த நீலச் சட்டி போரை மறந்ததல்ல

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டுப் பொருட்களை வரைந்த ஐரோப்பிய ஓவியர்கள் காலத்தின் துயரத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிக்காசோ 1945 பெப்ரவரியில் வரைந்த ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம்: ஒரு கூசா, எரியும் மெழுகுவர்த்தி, நீல எனாமல் சட்டி, இவ்வளவுதான். 1940 முதல் 1944 வரை ஜேர்மானியப் படைகளின் பிடியில் இருந்த பாரிஸில், உணவும் விறகும் கரியும் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்த அந்தக் குளிர்காலங்களை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்தச் சட்டி எதைப் பற்றியது என்று கேட்கவே தோன்றாது. பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் பிராக் 1942இல் தட்டில் கிடத்தி வரைந்த கறுப்பு மீன்களும் அப்படித்தான்.

திருகோணமலையில் ஊரடங்கு இரவுகளுக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் இடம்பெயர்ந்தபோது அம்மா தூக்கிக்கொண்டு வந்தவற்றுள் அடி கறுத்த அலுமினியச் சட்டியொன்றும் இருந்தது; அதன் ஒரு பக்கக் காது உடைந்து, அந்த இடத்தில் கம்பி முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நகையையும் காணி உறுதியையும் எடுத்து வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள், சட்டியை எடுத்து வந்ததை யாரும் சொல்வதில்லை. ஆனால் முகாமில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தது அதுதான்.

இங்கே சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பூச்சாடியையும் பழக்கூடையையும் மேசையில் வைத்து வரையச் சொல்வதற்குப் பதிலாக, தத்தம் வீட்டில் இடப்பெயர்வைக் கடந்து வந்த பொருள் ஒன்றைப் பிள்ளைகள் கேட்டறிந்து கொண்டுவரும்படி சொல்லுங்கள்.