அலட்சியமும் குற்றம்தான்
கட்டுமான இடத்தில் விபத்து நடந்தால், தலைமை அலுவலகத்தில் இருக்கும் நிறுவன இயக்குநருக்குச் சாரத்தில் ஒரு பலகை குறைவது எப்படித் தெரியும், அவரே உத்தரவிட்டிருந்தால்தான் குற்றம் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 37ஆவது பிரிவு இருக்கிறது. நிறுவனம் செய்த குற்றம் இயக்குநரின் சம்மதத்தாலோ, கண்டும் காணாமல் விட்டதாலோ, அலட்சியத்தாலோ நடந்திருந்தால் அவரும் குற்றவாளிதான் என்கிறது அது. அந்த மூன்றாவது சொல்தான் முக்கியம். நான் சைட் இன்ஜினியராக இருந்தபோது நான்காவது மாடி விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. நைலான் கயிறு கட்டி அதில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தோம். கம்பி கேட்டு மூன்று முறை எழுதினேன். 'அடுத்த பில் வந்ததும் பார்க்கலாம்' என்று வந்த பதிலில் இயக்குநரின் கையெழுத்தே இருந்தது. கான்கிரீட் போடும் தேதியை இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்ததும் அவர்தான். ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும்) வேலை செய்தவர் கயிற்றோடு சேர்ந்து கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். விசாரணையில் போய் நின்றது மேஸ்திரியும் நானும் மட்டுமே. இப்படிப் பிடித்தால் இயக்குநராக யாருமே வரமாட்டார்கள் என்று மேலே உள்ள கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள்: என் சம்மதம் இல்லாமல் நடந்தது, எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுத்தேன் என்று நிரூபித்தால் இயக்குநர் தப்பலாம். ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. என் மூன்று கடிதங்களையும் மேசையில் வைத்துக்கொண்டு எங்கள் இயக்குநர் அதை எப்படி நிரூபித்திருப்பார்?