இட்டேரி மரத்துக்குச் சட்டம் எங்கே?

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித் தடத்தை இட்டேரி என்போம். அதன் ஓரத்து வேம்பை வெட்ட நினைப்பவர் முதலில் வாளோடு வருவதில்லை. அடிமரத்தில் குப்பையைக் குவித்துத் தீ வைக்கிறார். ஒரு பக்கத்துப் பட்டை கருகி வெடிக்கும். அடுத்த கோடைக்குள் பாதிக் கிளை காய்ந்துவிடும். பிறகு, “மரம் பட்டுப்போய்விட்டது, பள்ளிப் பிள்ளைகள் மேல் விழுந்துவிடும்” என்று ஒரு மனு. பார்வையிட வரும் அலுவலரைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் படுவதைத்தானே அவர் எழுதுவார். அன்று மாலையே மெஷின் வாளும் லாரியும் வந்துவிடும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, வேறு மரங்களுக்கு. 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப் பகுதிகளோடு நின்றுவிடுகிறது. ஈட்டி மரத்துக்கென்று 1994-இல் தனிச் சட்டம் போட்டார்கள்; 2025-இல் அதன் காலம் முடிந்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கர்நாடகத்தில் 1976-இலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. நம் சமவெளியில் நிற்கும் வேம்புக்கும் புளிக்கும் அப்படி ஒன்று இல்லை. பொது இடத்து மரங்களைக் கவனிக்க ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அது கூடுவது மாவட்டத் தலைநகரில்; குப்பை எரிவது இட்டேரியில்.

தண்டனைச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் திருட்டுப் பொருள் ஆகாது. வெட்டிச் சாய்த்த பிறகே ஆகும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விளக்கம் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. உச்ச நீதிமன்றம் 2020-இல் அமைத்த நிபுணர் குழு ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று கணக்கிட்டது. இங்கே விறகு விலை பேசி ஏற்றிவிடுகிறார்கள்.

அதற்காக எல்லா மரத்துக்கும் அனுமதி கேள் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பட்டா நிலத்து மரத்தில் அரசு கை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சந்தனத்தில் பார்த்தோம். 2002-இல் சட்டம் திருத்தப்படும்வரை சொந்தத் தோட்டத்தில் முளைத்த சந்தனமும் விவசாயிக்குச் சொந்தமில்லை. வம்பு எதற்கென்று கன்றைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. வேலி கட்டிய மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் நிற்கும் வெள்வேல மரத்தை இத்தனை காலம் எந்தச் சட்டம் காப்பாற்றியது? கோடையில் உதிரும் காயை ஆடும் மாடும் தின்னும், வெயிலுக்கு நிழலும் ஆகும் என்று விவசாயி போட்ட கணக்குதான் காப்பாற்றியது. அவரை அவர் போக்கில் விட்டுவிடலாம்.

புறம்போக்கு மரத்துக்கு அப்படிக் கணக்குப் போட ஆள் இல்லை. மரப் பட்டாவுக்கென்று கிராம நிர்வாக அலுவலரிடம் 2-சி கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் புறம்போக்கு மரத்தின் பலனை யார் அனுபவிக்கலாம் என்பது அதில் பதிவாகும். அதைப் போலவே இட்டேரி, குளக்கரை, ஊராட்சிச் சாலை மரங்களுக்கெல்லாம் எண் போட்டு, சுற்றளவு எழுதிப் பதிவேடு வைக்கட்டும். வெட்டக் கேட்டு வரும் மனுவைக் கிராம சபையில் படிக்கட்டும். அடிமரம் கருகியிருந்தால், தீ வைத்தது யார் என்று தெரியும்வரை அனுமதி கிடையாது என்று விதி எழுதட்டும். காற்றில் சாய்ந்து உயிருக்கு ஆபத்தான மரமென்றால் உடனே வெட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த மரம் ஏலத்துக்கு வர வேண்டும், பணம் ஊராட்சிக் கணக்குக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். சாலையை அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்பவர்களும் வரட்டும். எந்தெந்த மரம் இடைஞ்சல் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும்.