120 பிலிம் வளைவு பற்றிய வாட்ஸ்அப் தகவல்: உண்மை விளக்கம்

“120 பிலிம் எந்தக் கமராவிலும் தட்டையாக நிற்காது, கடற்காற்று வீசும் திருகோணமலையில் அது மேலும் வளைவதால் படம் தெளியாது, மீடியம் ஃபோர்மட் கமராக்களை விற்றுவிடுங்கள்” என்ற தகவல், கோணேசர் கோயிலின் மங்கலான ஒரு படத்துடன் எமது புகைப்பட நண்பர்களிடையே பரவுகிறது.

120 பிலிம் என்பது, சாதாரண 35 மில்லிமீற்றர் பிலிமை விடப் பெரிய படம் எடுக்கும் மீடியம் ஃபோர்மட் கமராக்களுக்கான சுருள் பிலிம். அது சிறிதளவு வளைவது உண்மை. அதனால் எல்லாப் படமும் கெடும் என்பது தவறு. மங்கல் வட்டத்தை, அதாவது ஒரு புள்ளி பரவியும் தெளிவாகவே தோன்றக்கூடிய மிகப் பெரிய விட்டத்தை, 0.05 மில்லிமீற்றர் எனக் கொண்டால், படம் தெளிவு குறையாமல் பிலிம் முன்னும் பின்னும் விலகக்கூடிய மொத்த இடைவெளி, வில்லைத் துவாரம் அகலத் திறந்த எஃப் 2.8இல் 0.28 மில்லிமீற்றர், துவாரம் சிறிதான எஃப் 8இல் 0.8 மில்லிமீற்றர், ஆகவே வளைவு கவலைக்குரியதாவது பெரும்பாலும் துவாரம் அகலத் திறந்திருக்கும்போதுதான். றோலிஃபிளெக்ஸ் போன்ற கமராக்களில் உருளையின் மேல் மடிந்தபடி இரவு முழுவதும் கிடந்த பிலிம் அடுத்த படத்தில் புடைப்பைக் காட்டலாம் என்பதால், எடுப்பதற்குச் சற்று முன்னர் சுற்றுவது நல்லது.

பரவும் படத்திலோ துவார அளவும் இல்லை, முக்காலி வைத்ததா என்ற குறிப்பும் இல்லை. புடைப்பு பொதுவாகப் படத்தின் ஒரு பகுதியையே மங்கலாக்கும். இப்படமோ ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக மங்கியிருக்கிறது, கை அசைந்தாலும் இப்படித்தான் வரும். இதை ஆதாரமாக ஏற்க இயலாது.

ஐயமுள்ளவர்கள் முக்காலியில் கமராவை நிறுத்தி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை எஃப் 2.8இலும் எஃப் 8இலும் எடுத்து, நெகட்டிவை உருப்பெருக்கியால் ஒப்பிடலாம். அத்தகைய சோதனை எதுவும் இணைக்கப்படாத இத்தகவலைத் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.